கார் இன்சூரன்ஸ்: மோதிய பிறகு பிரித்துப் படிக்கும் தாள்

இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசல் விளக்குகளை அணைக்கும் நேரத்தில் ஒரு தம்பி வந்தார். கையில் நான்காக மடித்த ஒரு தாள். "ஹஜ்ரத், இதைப் படிச்சுச் சொல்லுங்க" என்றார். மச்சானின் காரை எடுத்துக்கொண்டு உம்மாவுடன் திருச்சுழி பக்கம் போய்த் திரும்பியிருக்கிறார். மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால், காட்டுப் பாதையிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறிய ஒரு மொபெட்டில் கார் மோதிவிட்டது. மொபெட்டில் வந்தவருக்குக் கால் எலும்பு முறிவு. காருக்குள் முன் சீட்டில் இருந்த உம்மாவுக்கு மணிக்கட்டு முறிவு. அந்தத் தாள்தான் காரின் இன்சூரன்ஸ் பாலிசி.

அவருக்கு இரண்டு கேள்விகள். இன்சூரன்ஸ் எவ்வளவு தரும்? என் மீது பாவம் இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு மதரஸாவில் ஓதியது இருந்தது. முதல் கேள்விக்கு உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. கல்லூரியில் பி.ஏ. படித்தது இந்த மாதிரி நேரத்தில்தான் கைகொடுக்கிறது. படித்து முடித்ததும் எனக்கே தூக்கம் வரவில்லை. நம் மஹல்லாவில் இன்று வீட்டுக்கு ஒரு கார் என்ற நிலை வந்துவிட்டது. ஆனால் பாலிசியை முழுதாகப் படித்தவர் நம்மில் எத்தனை பேர்?

முதலில் நம் ரோட்டைப் பற்றி. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில் வண்டிகள் பறக்கின்றன. நம் கிராமத்து ஆட்களோ சுற்றிப் போகச் சோம்பல்பட்டு நடுத்திட்டைத் தாண்டியே கடக்கிறார்கள். திருச்சுழி, நரிக்குடி பக்கம் போனால் வேறு விதமான ஆபத்து. இரண்டு பக்கமும் வேலிக்கருவை ரோட்டின் மேலேயே சாய்ந்து கிடக்கிறது. வளைவில் எதிரே வருபவர் தெரியமாட்டார். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் சோளமும் கம்பும் காயும். அதைக் காக்க ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். தானியத்தை அள்ளிக்கொண்டு போவார்கள், கல் அங்கேயே கிடக்கும். பொழுது சாயும் நேரத்தில் கிடைக்குத் திரும்பும் ஆடுகள், பின்விளக்கு எரியாத மொபெட்டுகள். நம் பகுதியில் கார் ஓட்டும் எவருக்கும் இதெல்லாம் புதிதல்ல.

ஆடு என்றதும் ஒரு மஸ்அலா நினைவுக்கு வருகிறது. காரில் அடிபட்டு இறந்த ஆட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டோம் என்று டிக்கியில் போட்டுக்கொண்டு வந்து, "சாப்பிடலாமா ஹஜ்ரத்" என்று கேட்டவர்கள் உண்டு. உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்திருந்தால் கூடும். அடிபட்டே செத்திருந்தால் கூடாது. பணம் கொடுத்ததால் அது ஹலால் ஆகாது. ஆட்டின் விலையை உரியவருக்குக் கொடுப்பது தனிக் கடமை. சட்டத்தின் கண்ணிலும் ஆடு மூன்றாம் நபரின் சொத்துதான்.

இன்சூரன்ஸ் கூடுமா?

கார் வாங்கும் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி இது. வணிக முறைக் காப்பீட்டில் நிச்சயமின்மை கலந்திருப்பதால், 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி அதைத் தடுக்கப்பட்டது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையே மாற்று என்றும் தீர்மானித்தது. மலேசியாவில் 1984இலேயே தகாஃபுல் சட்டம் வந்துவிட்டது. பக்கத்தில் இலங்கையில் 1999 முதல் தகாஃபுல் நிறுவனம் இருக்கிறது. நம் நாட்டில் அப்படி வாகனக் காப்பீடு தரும் நிறுவனம் இல்லை.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 146ஆம் பிரிவின்படி, மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 2000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, மறுமுறை 4000 ரூபாய். சட்டம் கட்டாயப்படுத்துவதால் நிர்ப்பந்தம் என்ற அடிப்படையில் இதை எடுக்கலாம் என்பதே நம் ஆலிம்கள் பெரும்பாலோர் சொல்வது. நம் காரின் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் முழுக் காப்பீட்டில்தான் கருத்து வேறுபாடு. பேணுதலுக்காக அதைத் தவிர்ப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தவிர்ப்பதால் என்ன விடுபடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு தவிர்க்க வேண்டும்.

அந்தத் தம்பியின் மச்சானும் பேணுதல்காரர். வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்திருந்தார். அந்தப் பாலிசியில் கார் யார் மீது மோதியதோ அவர்தான் மூன்றாம் நபர். மொபெட்காரரின் காலுக்கு அது பொறுப்பேற்கும். காரின் உடைந்த முகப்புக்குப் பைசா வராது. இதுவரை எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். எதிர்பார்க்காதது உம்மாவின் கை. தனியார் காரில் கூலி இல்லாமல் பயணிக்கும் குடும்பத்தாரும் விருந்தாளியும் இந்த வெறும் சட்டப் பாலிசிக்குள் வரமாட்டார்கள். உச்ச நீதிமன்றம் இதைப் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. 2012 நவம்பரில், தமிழகத்திலிருந்து போன ஒரு வழக்கில், சட்டப் பாலிசி வேறு, முழுக் காப்பீடு வேறு, முழுக் காப்பீடு இருந்தால் காருக்குள் இருப்பவருக்கும் நிறுவனம் பொறுப்பு என்று தெளிவாகப் பிரித்தது. மோட்டார் சைக்கிளின் பின் சீட்டில் உட்காருபவருக்கும் இதே நிலைதான். நாம் காரில் ஏற்றிக்கொண்டு போவது யாரை? பெற்றவர்களையும் பிள்ளைகளையும்தானே!

முழுக் காப்பீடு வேண்டாம் என்பவர்கள், பயணிகளுக்கான தனி விபத்துக் காப்பீட்டைச் சேர்க்க முடியுமா என்று முகவரிடம் கேட்டுப் பாருங்கள். சொந்தமாக ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. ஆனால் அது உரிமையாளருக்கு மட்டும். மச்சான் ஓட்டினால் மச்சானுக்கு இல்லை.

செலவைப் பார்த்தால், மூன்றாம் நபர் பிரீமியத்தை நிறுவனங்கள் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் முதல் தனியார் காருக்கு 1000 சிசிக்குள் 2094 ரூபாய், 1500 சிசி வரை 3416, அதற்கு மேல் 7897. வரி தனி. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதெல்லாம் சொந்தச் சேதத்துக்கான தொகைதான். பேரம் பேசுவதாக இருந்தால் அங்கே பேசுங்கள்.

தாளில் பார்க்க வேண்டியவை

முதலில் முடியும் தேதி. அந்த நாள் நள்ளிரவோடு எல்லாம் முடிந்துவிடும். ஒரு நாள் பிந்தினாலும் அந்த ஒரு நாளில் நடப்பது முழுக்க உங்கள் தலையில். 90 நாள் தாண்டினால், இத்தனை வருடம் கிளெய்ம் கேட்காததற்காகச் சேர்ந்த தள்ளுபடியும் போய்விடும். நோ கிளெய்ம் போனஸ் என்பார்கள். 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து வருடத்தில் 50 சதவீதம் வரை போகும். அது காருக்குச் சேர்ந்ததல்ல, உங்களுக்குச் சேர்ந்தது. காரை விற்றாலும் அடுத்த காருக்குக் கொண்டுபோகலாம்.

இந்தத் தள்ளுபடி இருக்கும்போது சின்னச் சேதத்துக்கெல்லாம் கிளெய்ம் போடுவது நஷ்டம். ஒரு கணக்குச் சொல்கிறேன். கல்லில் இடித்து பம்பர் உடைந்தது. புதுசு 3000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் 50 சதவீதம், மிச்சம் 1500. இதில் 1500 சிசிக்கு உட்பட்ட காருக்குக் கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய பங்கு 1000. கையில் வருவது 500 ரூபாய். அதற்காக அடுத்த வருடத்துத் தள்ளுபடி முழுவதும் பூஜ்யமாகிறது. ஒர்க் ஷாப்பில் "இன்சூரன்ஸ்ல போட்டுரலாம் பாய்" என்று எளிதாகச் சொல்வார்கள். தேய்மானம் கழிக்காத பாலிசி எடுத்திருந்தால் கணக்கு மாறும். பழைய அடியையும் இந்த விபத்தில் பட்டதாகச் சேர்த்து எழுதச் சொல்பவர்களும் உண்டு. அது மோசடி. அந்தப் பணம் ஹராம்.

அடுத்து, எதற்குப் பயன்படுத்தலாம் என்ற வரி. சொந்தக் காரை வாடகைக்கு விடக் கூடாது என்று அதில் இருக்கும். உம்ராவுக்குப் போகிறவர்களை மதுரை விமான நிலையத்தில் விடுவதற்கும் கல்யாண வீட்டுக்கும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசிக் கார் கொடுப்பது நம்மூரில் சாதாரணம். விபத்து நடந்து அது தெரிய வந்தால் நிறுவனம் கை விரிக்கும். சொந்தக்காரருக்கு இரவல் கொடுப்பது வேறு, அதில் தடையில்லை. வாங்கியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய காரை விற்றவர்கள் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். வளைகுடாவுக்குத் திரும்பும் அவசரத்தில் காரை விற்று, படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறோம். வாங்கியவர் ஆர்.சி.யில் பெயரை மாற்றாமல் இன்னொருவருக்கு விற்பார். அவர் இன்னொருவருக்கு. 2018இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்றில் கார் இப்படித்தான் பல கை மாறியிருந்தது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று தீர்ப்பானது. அந்த வண்டிக்கு இன்சூரன்ஸும் இல்லாவிட்டால், ரியாத்தில் இருப்பவரின் ஊர் வீடு ஜப்திக்கு வரலாம். வாங்கியவர் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்துப் பெயரை மாற்ற வேண்டும்.

மோதிவிட்டது, இனி?

வண்டியை நிறுத்த வேண்டும். பயத்தில் ஓட்டிக்கொண்டு போவதுதான் சின்ன விபத்தைப் பெரிய வழக்காக்குகிறது. 134ஆம் பிரிவு, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் அங்கே நிற்க முடியாத நிலைக்கு அதே பிரிவு விலக்கும் தருகிறது. அப்படி என்றால் நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள், வீட்டுக்கு அல்ல. எப்படியும் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தெரிவித்தாக வேண்டும். 108க்கு அழையுங்கள், நான்குவழிச் சாலையாக இருந்தால் 1033க்கும். வண்டியை நகர்த்தும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அன்றே சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். சர்வேயர் பார்க்கும் முன் காரைப் பிரிக்க விடாதீர்கள். காவல் நிலையத்தில் கொடுத்த மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீதும், வழக்குப் பதிவானால் எஃப்.ஐ.ஆர். நகலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவச் செலவுக்குப் பயந்து யாரும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 1 லட்சம் ரூபாய் வரை என்று தொடங்கியது. எந்த மாநிலத்தவர், என்ன அட்டை என்று கேட்பதில்லை. 2025 மே மாதம் மத்திய அரசும் 7 நாட்கள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவித்தது. இதன் பின்னால் நம் தமிழ்நாட்டு மருத்துவர் ஒருவர் இருக்கிறார். கோவையின் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில்தான், இந்தத் திட்டத்தை உடனே கொண்டு வரும்படி 2025 ஜனவரியில் நீதிமன்றம் உத்தரவிட்டது. புதுக் காருக்கு 3 வருடமும் புது பைக்குக்கு 5 வருடமும் மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே எடுக்க வேண்டும் என்ற 2018ஆம் ஆண்டு விதியும் அந்த வழக்கில் வந்ததுதான். தினமும் உடைந்த எலும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கோர்ட் படியேறியதால் கிடைத்தவை இவை.

ரோட்டில் கிடப்பவரைத் தூக்கிக்கொண்டு போனால் போலீஸ் அலைய விடுவார்களே என்ற பயமும் இனி வேண்டாம். 2019 சட்டத் திருத்தத்தில் 134ஏ பிரிவு வந்துவிட்டது. உதவியவர் மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது. விருப்பமில்லாவிட்டால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கேயே பேசி முடிப்பது

நம் பகுதியில் விபத்து என்றால் கால் மணி நேரத்தில் பெரியவர்கள் கூடிவிடுவார்கள். "கேஸ் கீஸ் வேணாம், ஒரு இருபதாயிரம் கொடுத்திருங்க" என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். கீறல், நசுங்கல் என்றால் பேசி முடிப்பதில் தப்பில்லை. எலும்பு முறிவில் இது இரண்டு பக்கத்துக்கும் அநியாயம். அடிபட்டவர் விவசாயக் கூலி. ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாது. இரண்டாவது ஆபரேஷன் வரலாம். தீர்ப்பாயம் வருமான இழப்பு, ஊனத்தின் அளவு எல்லாம் கணக்குப் போட்டு நியாயமாகத் தரக்கூடியதை, நாம் இருபதாயிரத்தில் அடைக்கிறோம். ஓட்டியவருக்கும் பாதுகாப்பில்லை. நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்கக் கூடாது என்று பாலிசியிலேயே நிபந்தனை இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள், மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் கொடுங்கள், துஆ செய்யுங்கள். அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தாளில் எழுதிக் கொடுப்பதுதான் வேறு.

இதைவிட மோசமான ஒரு பழக்கம் ஆள் மாற்றுவது. லைசென்ஸ் இல்லாத பையன் ஓட்டியிருப்பான். அவனுடைய வாப்பாவோ, லைசென்ஸ் உள்ள டிரைவரோ "நான்தான் ஓட்டினேன்" என்று ஸ்டேஷனில் நிற்பார். "குடும்பத்தைக் காப்பாத்தத்தானே ஹஜ்ரத்" என்று என்னிடமே வாதாடியிருக்கிறார்கள். பொய்ச் சாட்சி பெரும்பாவங்களில் ஒன்று. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. உலகக் கணக்கிலும் அது நிற்காது. உண்மை வெளிவந்தால், விபத்து வழக்கோடு பொய் சொன்ன வழக்கும் சேரும். உண்மையைச் சொன்னாலும் அடிபட்டவர் கைவிடப்படமாட்டார். ஓட்டுநருக்கு லைசென்ஸ் இல்லாத பல வழக்குகளில், நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. வலிப்பது நமக்குத்தான். லைசென்ஸ் இல்லாதவனிடம் சாவியைக் கொடுத்தது நாம்தானே.

பாவமும் பொறுப்பும்

தம்பியின் இரண்டாவது கேள்வி. 1993 ஜூனில் புருனையில் கூடிய அதே ஃபிக்ஹ் அகாடமி வாகன விபத்துகளைத் தனியாகவே ஆராய்ந்தது. வேண்டுமென்று செய்யாவிட்டாலும், பிறர் உடலுக்கும் பொருளுக்கும் நேர்ந்த சேதத்துக்கு ஓட்டியவர் பொறுப்பு. தவிர்க்கவே முடியாத சூழலிலும், அடிபட்டவரின் தவறே காரணமாக இருந்தாலும் விலக்கு உண்டு. இரண்டு பேரிடமும் தவறு இருந்தால் பொறுப்பும் அந்த அளவுக்குப் பிரியும். உயிர் போயிருந்தால், அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனம் தவறுதலான கொலைக்கு இரண்டு கடமைகளை வைக்கிறது. ஒன்று, வாரிசுகளுக்குச் சேர வேண்டிய தியத். அவர்கள் மன்னித்தால் அது நீங்கும். இன்னொன்று கஃப்பாரா. அடிமையை விடுவிப்பது இன்று இல்லாததால் தொடர்ந்து இரண்டு மாத நோன்பு.

ஆரம்ப கால முஸ்லிம்களிடம் தவறுதலான கொலைக்குரிய தியத்தை ஓட்டாண்டியாகும்படி ஒருவர் தலையில் கட்டவில்லை. அவரது ஆகிலா, அதாவது குலத்தார், சேர்ந்து கொடுத்தார்கள். அடிபட்டவர் வீடு நடுத்தெருவுக்கு வரக் கூடாது, தவறியவர் வீடும் அழியக் கூடாது என்ற ஏற்பாடு அது. மூன்றாம் நபர் காப்பீட்டை நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். அதன் உள்ளமைப்பில் நமக்கு ஆட்சேபம் இருந்தாலும், பாதிக்கப்பட்டவருக்குச் சேர வேண்டிய கடனை அடைக்கும் வழி இன்று நம்மிடம் அதுதான். தீர்ப்பாயம் வழங்கிய தொகையை வாரிசுகள் தியத்தாக ஏற்றுக்கொண்டால் அந்தக் கடன் தீரும். நோன்பை மட்டும் எந்த நிறுவனமும் நமக்காக வைக்காது. இழப்பீட்டோடு மனு நாளிலிருந்து வட்டியும் சேர்ந்து வரும். அதைத் தனியே பிரித்து நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடும்படிதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

தம்பியின் விபத்தில் உயிர் போகவில்லை. கஃப்பாரா இல்லை. மொபெட்காரர் பார்க்காமல் ஏறினார் என்பது உண்மை. இவர் அந்த ரோட்டில் அந்த நேரத்தில் எந்த வேகத்தில் வந்தார் என்று கேட்டேன். தலையைக் குனிந்தார். சொன்ன எண்ணை இங்கே எழுதவில்லை.

காயமடைந்தவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்றில்லை, தான் வசிக்கும் இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலும் போடலாம். 2022 ஏப்ரல் முதல் இதற்கு 6 மாதக் கெடு உண்டு. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் போனால்கூட, இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் உண்டு. கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். நம் சொந்தச் சேதக் கிளெய்மை நிறுவனம் நியாயமில்லாமல் மறுத்தால், முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

மறுநாள் லுஹருக்குப் பிறகு ஜமாஅத் தலைவரும் நானும் அந்தத் தம்பியும் மொபெட்காரரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவருடைய மனைவி முதலில் எங்களிடம் பேசவே இல்லை. சமரசம் பேச வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். பாலிசியின் நகலை அவரிடம் கொடுத்து, இந்த எண்ணை வைத்து எங்கள் பையன் வண்டி மீது நீங்கள் மனுப் போடுங்கள், வக்கீலைப் பார்க்க நாங்களும் வருகிறோம் என்றோம். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஊரிலிருந்து வந்திருந்த தன் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார். உம்மாவின் கைக்கு மட்டும் தாளில் வழியில்லை. அந்தச் செலவை மச்சான் ஏற்றுக்கொண்டார். மனுவுக்கான ஆறு மாதம் முடியும் தேதியைப் பள்ளிவாசல் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.